பாறை மேல் வைத்த சாரணர் கத்தி

பாலக்கோட்டில் யாரிடமாவது என் பட்டறைக்கு வழி கேட்டுப் பாருங்கள். "யாரு, அந்தச் சாணை புடிக்கற பெரியவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

கரும்பு ஏற்றுகிற டிரெய்லர் இந்தப் பக்கம் எத்தனை ஓடுகிறதோ அதில் பாதி என் பட்டறையில் கட்டியது. சர்க்கரை ஆலைக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும்போது போய்ப் பாருங்கள், கொக்கிக்குக் கீழே வெல்டிங்கில் மூன்று பொட்டு இருக்கும். அதுதான் என் கையெழுத்து. எழுதத் தெரியாதவன் வேறு எப்படிக் கையெழுத்துப் போடுவான்? ஒன்றாம் வகுப்பு பாதியில் நின்றவன் நான். அடுத்தவன் பட்டறையில் கரி அள்ளி, வெல்டிங் வெளிச்சத்தில் கண் வீங்கி, பிறகு சொந்தமாக ஷெட் போட்டு, இப்போது மாடி வூடு, கார், ஓசூரில் மகனுக்கு ஒரு வூடு. ஒருத்தன் கையை எதிர்பார்க்கவில்லை. இதைச் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். பேசத்தான் பேசுவேன். என்னைத் தவிர யார் பேசப் போகிறார்கள்?

அப்படிப்பட்டவனைத்தான் ஊர் சாணைக்காரன் என்கிறது. காரணம் என் கத்திகள்.

கத்தி என்றால் வெட்டரிவாளோ சூரியோ இல்லை. மடக்குக் கத்தி. அதிலும் சாரணர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு முகாமுக்குப் போகிற கத்தி. பெரிய அலகு ஒன்று, டின் வெட்ட ஒன்று, சோடா மூடி திறக்க ஒன்று, முதுகுப் பக்கம் தோலில் ஓட்டை போட ஒரு குத்தூசி. இரண்டு பக்கமும் கொம்பிலோ எலும்பிலோ பிடி. தலையில் ஒரு வளையம். எல்லாம் மடங்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது, அவன் போன பிறகும் கொஞ்ச காலம் வந்தது. அந்த இரும்பு இப்போது இல்லை. இப்போது வருகிறதெல்லாம் மினுக்குத் தகடு.

பெங்களூரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் கொட்டி வைத்திருப்பார்கள். கிருஷ்ணகிரியில் பழைய இரும்புக் கடை, ஏற்காட்டில் சாமான்களை விற்றுவிட்டுப் போகிற பங்களாக்காரர்கள், எங்கேயும் விட்டதில்லை. அலகின் அடியில் கம்பெனி பேர் இங்கிலீஷில் வெட்டியிருக்கும். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. படமாகத் தெரியும். இந்த வளைவு இருந்தால் இன்ன ஊர்ச் சரக்கு, இந்தக் கோடு இருந்தால் போலி என்று சொல்லிவிடுவேன்.

பெரும்பாலும் துருவில் இறுகிப் போய்த்தான் கிடைக்கும். எல்லாரும் செய்கிற தப்பு என்ன தெரியுமா, நேராகக் கொண்டுபோய் பஃபிங் வீலில் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடி மாதிரி ஆகும். ஆனால் அந்தப் பேர் அழிந்துவிடும், முனை மழுங்கிவிடும், ஸ்பிரிங் சூட்டில் செத்துவிடும். நான் வீல் பக்கமே போக மாட்டேன். சீமெண்ணெயில் ஊற வைப்பேன். மூங்கில் சிம்பால் சுரண்டுவேன். அவசரப்பட மாட்டேன். இரும்பு பழைய சாம்பல் நிறத்துக்கு வந்தால் போதும், வெள்ளி மாதிரி ஆக வேண்டாம். ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். நல்ல கத்தி திறக்கும்போது ஒரு சத்தம், மூடும்போது ஒரு சத்தம். டக், டப். அந்தச் சத்தம் வந்த கத்தியை மட்டும்தான் பீரோவில் வைப்பேன்.

இதையெல்லாம் யாருக்குச் சொல்ல? வருகிறவர்கள் ஐந்து நிமிஷம் பார்ப்பார்கள். பிறகு பையிலிருந்து அருவாமனையை எடுப்பார்கள். "அப்பிடியே இதையும் கொஞ்சம் தீட்டிக் குடுத்துடுங்க." எங்கள் சம்பந்தியே கல்யாண வூட்டில் நாலு பேருக்கு நடுவில் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார். பேப்பரில் ஒருமுறை போட்டோ போட்டார்கள். பழைய கத்திகளுக்கு உயிர் கொடுக்கும் முதியவர் என்று தலைப்பாம். மகன் போனில் படித்துக் காட்டினான். முதியவர் என்று போட்டவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பேப்பரைப் பார்த்துத்தான் தர்மபுரியிலிருந்து ஒருவர் போன் செய்தார். வயதான குரல், ஆனால் கம்பீரம்.

"சார், எங்கிட்ட ஒரு ஸ்கவுட் கத்தி இருக்குதுங்க. சின்ன வயசுல வெச்சிருந்தது. இப்பத் தொறக்கவே மாட்டேங்குது. எனக்கு நடமாட்டம் இல்லீங்க, நீங்க ஒருதரம் வந்து பாக்க முடியுங்களா சார்?"

சார் என்று கூப்பிட்டுவிட்டார். போகாமல் இருப்பேனா?

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி உள்ளே போகிற தெருவில் நல்ல பெரிய வூடு. அரசாங்கத்தில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர்டு ஆனவர் என்று வாசலில் இருந்த போர்டைப் பார்த்து டிரைவர் சொன்னான். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே வாக்கர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எழுந்திருக்க முயற்சி செய்து, முடியாமல், கையை நீட்டினார். இடது கை.

வேறு யாராவது இடது கையை நீட்டியிருந்தால் திரும்பி வந்திருப்பேன். ஆனால் எனக்குத் தெரியும், சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். அது அவர்கள் வழக்கம், தங்கள் ஆளுக்கு மட்டும் கொடுக்கிற மரியாதை. நானும் இடது கையை நீட்டினேன். இறுக்கிப் பிடித்தார்.

"பாத்தீங்களா, மறக்கல பாருங்க நீங்களும். எந்த ஸ்கூல் ட்ரூப்புங்க சார்?"

"அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்று மழுப்பினேன். காக்கி டவுசர் வாங்க வக்கில்லாத வூட்டில் பிறந்தவன் எந்த ட்ரூப்பைச் சொல்வான்? ஆனாலும் அந்தப் பிடி எனக்குச் சுகமாக இருந்தது.

அவருடைய மருமகள் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்துவிட்டு, சாமி அலமாரியிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்து வந்தாள். தட்டில் கத்தி. ஆனால் அது கத்தி மாதிரியே இல்லை. சந்தனமும் குங்குமமும் ஏடு ஏடாகக் காய்ந்து, செங்கல் துண்டு மாதிரி இருந்தது.

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு எடுத்து எண்ணெ விட்டு பொட்டு வெச்சுடுவோமுங்க" என்றாள். "எங்க மாமியாரு காலத்துல இருந்து அப்பிடித்தான். நாங்க ஒண்ணும் கெடுக்கலீங்க."

"என்ன எண்ணெம்மா?"

"தேங்காண்ணெதாங்க. சாமிக்கு வெக்கறதுல வேற என்ன ஊத்துவாங்க?"

கத்தியை இப்படிக் கொல்கிறவர்கள் நம்ம ஆட்கள் மட்டும்தான். தேங்காயெண்ணெய் ஸ்பிரிங்குக்குள் போய்ப் பிசினாகிவிடும். அதன் மேல் சந்தனம், அதன் மேல் மறுபடி எண்ணெய். கும்பிட்டுக் கும்பிட்டே இறுக்கிவிட்டார்கள்.

தட்டிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வளையத்துக்குப் பக்கத்தில் கொம்புப் பிடி கொஞ்சம் சில்லுப் போயிருந்தது. ஒரு நெல் அளவு. அந்த இடத்தில் மட்டும் அடித் தகடு தெரிந்தது.

அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன்.

"சொந்த ஊரே தர்மபுரிங்களா சார்?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, இண்டூரு. ஊர்ல எங்க வூட்டப் பெரிய வூடும்பாங்க."

நானும் இண்டூரில் பிறந்தவன், எந்தப் பெரிய வூடு என்று எனக்குத் தெரியாதா. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் அதன் ஓடு மட்டும் தெரியும். அவ்வளவு தூரத்தில் எங்களை வைத்திருந்தார்கள்.

அவர் பேசிக்கொண்டே போனார். டவுன் ஸ்கூலில் படித்தது, சாரணர் அணிக்குத் தலைவனாக இருந்தது, வத்தல்மலை அடிவாரத்தில் ஓடைப் பக்கம் முகாம் போட்டது. "சாரணன்னா எல்லாரும் அண்ணன் தம்பிங்க சார். சாதி கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்தப் பழக்கந்தான் எனக்கு இன்னைக்கு வரைக்கும். தண்ணி எடுக்க, வெறகு வெட்ட ஊருல இருந்து ஒருத்தன் வருவான். அவனுக்குக்கூட எங்க கூடவே சோறு போட்டோமுன்னா பாத்துக்குங்க."

அந்த ஒருத்தன் என் அப்பா.

நான் அப்பாவோடு போயிருந்தேன். அவர் வெட்டுகிற சுள்ளியைப் பொறுக்கிக் கட்டுவது என் வேலை. சோறு போட்டது உண்மைதான். ஓடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். கூடவே என்பது அவர் கணக்கு.

காக்கி டவுசர், கழுத்தில் துண்டு, இடுப்பில் அந்தக் கத்தி. அணித் தலைவன் ஒரு பால் டின்னை அதால் வெட்டித் திறந்தான். சுற்றி ஒரே வெட்டு, மூடி தனியாக வந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக மடக்கினான், டப், டப் என்று. நான் விறகுக் கட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, ஒருதரம் தொட்டுப் பாக்கட்டுங்களா?"

என்னைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் குனிந்து, என் கைக்குக் கீழே இருந்த பாறை மேல் அதை வைத்தான். வைத்தான் என்று சொல்வது மரியாதைக்கு. விட்டான். வளையப் பக்கம் பாறையில் இடித்து, பிடியில் ஒரு சில்லு தெறித்தது.

"கத்திய கைல குடுத்தா சண்ட வரும். எடுத்துக்கோ" என்றான்.

எடுத்தேன். திறந்தேன், மூடினேன். திருப்பிக் கொடுக்க நீட்டியபோது, "அங்கயே வையி" என்றான். வைத்தேன்.

இதில் தப்பு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கத்தி, கத்தரிக்கோல், ஊசி எதையும் நம்ம பக்கம் கையோடு கை கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். எங்கள் ஆத்தாவும் அப்படித்தான். சண்டை வரும் என்பது எல்லாரும் சொல்வது. ஆனால் எங்கள் தெருக்காரனுக்கு அவர்கள் கூலியையும் அப்படித்தான் கீழே வைப்பார்கள். மோரையும் தூக்கித்தான் ஊற்றுவார்கள். அதற்கெல்லாம் எந்தச் சண்டைக்குப் பயந்தார்கள்?

அவன் பாறையில் வைத்தது கத்திக்காகவா, எனக்காகவா? இத்தனை வயதாகியும் எனக்கு இது தெரியாது. டிரெய்லர் கட்டும்போது மறந்திருக்கிறேன், மகள் கல்யாணத்தில் மறந்திருக்கிறேன். ஆனால் சந்தையில் எவனாவது ஒரு மடக்குக் கத்தியை டப் என்று மூடினால் அந்தப் பாறை வந்துவிடும். பீரோ நிறையக் கத்தி சேர்த்தது ஆசைக்கு என்று எல்லாரிடமும் சொல்வேன். ஆசையும் உண்டு.

அவரிடம் ஒன்றும் சொல்லாமல் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை குரல் வந்தது. "பாத்துப் பண்ணுங்க சார். உங்கள நம்பித்தான்."

வூட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"சரி பண்ணிக் குடுங்க. காபி குடுத்தாக் குடிங்க. வந்துடுங்க" என்றாள்.

"நான் யாருன்னு அவனுக்குத் தெரியணும். தெரிஞ்சு, எங்கையில இருந்து அவங்கையில வாங்கணும்."

"வாங்கிட்டா?"

"வாங்கிட்டா அன்னைக்கு வெச்சது கத்திக்காகத்தான்னு ஆயிடும். எம்மனசுல இருக்கற முள்ளு போயிடும்."

"வாங்காட்டி?"

நான் கத்தியைத் துணியில் மறுபடி இறுக்கிச் சுற்றினேன். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள், "நீங்களும் உங்க கத்தி மாதிரிதான். மூடி வெச்சா ஒரு தொந்தரவும் இல்ல. தொறந்தா யாராச்சும் ஒருத்தர் கைய அறுத்துக்கணும். அந்த ஆளு உங்கள சார்னு கூப்புடறாரு, எடது கைய குடுக்கறாரு. வெச்சுக்குனு போங்களேன்."

"அது நான் யாருன்னு தெரியாம குடுத்தது."

"தெரியாம குடுத்தாலும் குடுத்தது குடுத்ததுதான். உங்களுக்குத்தான் எதையும் பிரிச்சுப் பாக்கணும்."

அவளுக்கு என்ன தெரியும் என்று பட்டறைக்குப் போய்விட்டேன்.

அந்தக் கத்திக்கு நான் செய்த வேலை வேறு எதற்கும் செய்ததில்லை. ஊறுகாய் பாட்டிலில் சீமெண்ணெய் ஊற்றி அதில் போட்டேன். ஊற ஊற ஏடு கழன்றது. மேலே சிவப்பு, அதன் கீழே மஞ்சள், மறுபடி சிவப்பு. எத்தனை ஆயுத பூசை என்று எண்ணலாம் போலிருந்தது. ஒவ்வொரு பூசைக்கும் அதை எடுத்து, துடைத்து, பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஒரு இரும்புக்கு அவ்வளவு மரியாதை.

ஸ்பிரிங் இடுக்கில் இருந்த பிசின்தான் கஷ்டம். ஊசியால் குத்தினால் கீறும். மூங்கில் சிம்பைச் சீவி, நுனியைப் பல்லால் கடித்து நாராக்கி, அதால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். சூடு காட்டவில்லை. சுத்தியல் தொடவில்லை. பட்டறையில் ஆட்கள் டிரெய்லர் அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் ஒரு நாள் குத்தூசி அசைந்தது. மறுநாள் டின் திறப்பான். கடைசியாக அலகு. அடியில் பேர் அழியாமல் இருந்தது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கல்லில் நாலு இழுப்பு, அதற்கு மேல் இல்லை.

பதம் பார்க்க நான் பேப்பர் வெட்ட மாட்டேன். மார்க்கெட்டிலிருந்து கனிந்து ஒழுகப் போகிற தக்காளி ஒன்று எடுத்துவரச் சொல்வேன். அலகைத் தோல் மேல் வைத்து இழுத்தால், நசுங்காமல் கோடு விழ வேண்டும். விழுந்தது. மூடினேன். டப். அதே சத்தம். ஓடைப் பக்கம் நான் ஒரே ஒரு நாள் கேட்ட சத்தம்.

சில்லுப் போன இடம்தான் மிச்சம். எருமைக் கொம்புத் துண்டு என்னிடம் நிறைய இருக்கிறது. நிறம் பார்த்து ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், செய்தவனுக்கே இடம் தெரியாது. நான் தொடவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

வெள்ளைச் சட்டை, வேட்டி. காரைத் துடைக்கச் சொல்லி ஏறினேன். வூட்டுக்காரி வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்: "குடுத்துட்டு வந்துடுங்க."

அவர் எனக்காகக் காத்திருந்தார். சட்டை மாற்றிச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். "வாங்க சார், வாங்க. ராத்திரி தூக்கமே இல்லீங்க எனக்கு" என்றார். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, துணியைப் பிரித்து, அவர் காதுக்குப் பக்கத்தில் கத்தியைத் திறந்து மூடினேன். டக். டப்.

அந்த மனுசன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, வந்தது. "அதே சத்தமுங்க சார்" என்றார். "அதேதான். குடுங்க. குடுங்க சார்."

கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. என் கைக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். அந்தக் கையில் வைத்திருந்தால் முடிந்தது. வூட்டுக்காரி சொன்னதும் அதுதான். ஆனால் பெயர் தெரியாத ஒரு சாருக்கு நீட்டின கை எனக்கு எதற்கு? இந்தக் காரும் சட்டையும் பேப்பரில் வந்த போட்டோவும் யாருக்கு வந்தது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

"சார், இந்தச் சில்லு எப்பிடிப் போச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?" என்றேன்.

"எங்கியாச்சும் உளுந்திருக்கும்."

"கேம்புலங்க. ஓடைப் பக்கம் பாறை மேல. ஒரு சின்னப் பையன் தொட்டுப் பாக்கக் கேட்டான். நீங்க பாறையில போட்டீங்க."

சிரித்தார். "இருக்கும், இருக்கும். அது உங்களுக்கு யாருங்க சார் சொன்னது?"

"அந்தப் பையன் நாந்தாங்க. வெறகு வெட்ட ஒருத்தன் வருவான்னு சொன்னீங்களே, அவரு எங்கப்பா."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. கையும் அப்படியே நின்றது. என் சட்டையைப் பார்த்தார், வாசலில் நின்ற காரைப் பார்த்தார், பிறகு என் முகத்தில் எதையோ தேடினார். எங்கப்பா ஜாடை கிடைத்திருக்கும். நீட்டிய கையில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, கத்தியை மடக்குகிற மாதிரியே. மடங்கின கை வாக்கர் கம்பியைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

"அப்பிடியா" என்றார். "அவன் மவனா நீ. பரவால்லியே. நல்லா வந்துட்டப்பா."

நான் கத்தியை அவர் பக்கம் நீட்டினேன்.

"கத்திய அந்த டீபாய் மேல வெச்சுடுப்பா. கைல குடுக்கக் கூடாது. சண்ட வரும்பாங்க."

"இப்பத்தான கைய நீட்டுனீங்க" என்றேன்.

"வயசாவுதுல்ல. மறந்துட்டேன்."

கத்தி என் உள்ளங்கையில் இருந்தது. நான் வைக்கவில்லை. அவர் டீபாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அன்றைக்கு நின்ற மாதிரியே. எவ்வளவு நேரமானாலும் இந்த முறை நான் குனியக் கூடாது என்று இருந்தேன்.

மருமகள்தான் உள்ளேயிருந்து வந்தாள். காபித் தட்டை டீபாயில் வைத்தாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, "ஆச்சுங்களாண்ணா? குடுங்க பாக்கலாம்" என்று என் கையிலிருந்து சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவள் விரல் என் உள்ளங்கையில் பட்டது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. திறந்து பார்த்தாள். "ஐய, எவ்ளோ நல்லாருக்குது. பால் பாக்கெட் வெட்டக் கத்தரிக்கோல் தேடித் தேடி எனக்கு உசுரு போவுது, இனி இதையே வெச்சுக்கலாம்."

எதற்காகக் காத்திருந்தேனோ அது நடந்துவிட்டது. ஆள்தான் வேறு.

அவள் சமையலறைக்குப் போய்க்கொண்டே திரும்பினாள். "அண்ணா, அருவாமனை ஒண்ணு மொக்கையாக் கெடக்குதுங்க. தீட்டிக் குடுப்பீங்களா?"

"நான் சாணை புடிக்கறவன் இல்லம்மா" என்றேன்.

"அதெல்லாம் செய்வாம்மா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "நம்ம ஊரு ஆளுதான்."

எழுந்து வந்துவிட்டேன். காபி குடிக்கவில்லை. குடிக்கவில்லை என்பதை அவர்கள் கவனித்திருப்பார்களா என்பதுகூடத் தெரியாது.

காரில் வரும்போது டிரைவர், "இன்னா சொன்னாருங்க, சந்தோசப்பட்டாருங்களா?" என்று கேட்டான். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

வூட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஆனாலும் கேட்டாள், "வாங்குனாரா?"

"மருமவ வாங்குனா."

"கைலயா?"

"கைலதான்."

"அப்பறம் என்ன? அந்த வூட்டுக் கை ஒண்ணு வாங்கிடுச்சுல்ல."

அவளுக்கு அது போதும். எனக்குப் போதாது. பால் பாக்கெட் வெட்டுகிற அவசரத்தில் வாங்கின கையை நான் எந்தக் கணக்கில் வைப்பேன்? அந்தப் பெண்ணுக்கு நான் யார் என்று தெரியாது, தெரிந்திருந்தாலும் அவள் வாங்கியிருப்பாள் என்று வூட்டுக்காரி சொல்கிறாள். இருக்கலாம். நான் கேட்டது அவளிடம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறாள். பெரியவர் நிஜமாகவே மறந்துதான் முதலில் கையை நீட்டியிருப்பார், கத்தியைக் கையில் வாங்கக் கூடாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்திருக்கும் என்கிறாள். நானும் அப்படி நினைத்துப் பார்க்கிறேன். முடிகிறது, பாதி வரை. அதற்கு மேல் அந்த "நீ" வந்து நின்றுவிடுகிறது. சார் எங்கே போனார்? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரை "வாங்க, குடுங்க" என்று இருந்த வாயில் "வெச்சுடுப்பா" எப்படி வந்தது? கைக்கு மறதி இருக்கலாம். வாய்க்கு வந்தது மறதி இல்லை, ஞாபகம்.

யாருக்குக் கத்தி சரி செய்து கொடுத்தாலும் நான் மூன்று விஷயம் சொல்லி அனுப்புவேன். ஈரத்தோடு மடக்காதே. மாதம் ஒருமுறை மிஷின் எண்ணெய் விடு. தேங்காயெண்ணெயைப் பக்கத்தில் கொண்டு போகாதே. ரெண்டு தடவை சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்கிற வரைக்கும் விட மாட்டேன். அந்த வூட்டில் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்பது இல்லை. வாசல் வரை வந்து செருப்பு மாட்டினபோது ஞாபகம் வந்தது. அவள் ஜன்னல் வழியாகத் தெரிந்தாள், பாக்கெட்டை வெட்டிவிட்டு அலகைக் குழாயில் காட்டி, அப்படியே சொட்டச் சொட்ட மடக்கினாள். டப் என்று கேட்டது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இது எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். துரு முதலில் அலகின் அடியில், அந்தப் பேர் வெட்டின இடத்தில் புள்ளி புள்ளியாக வரும். பிறகு ஸ்பிரிங்குக்கு இறங்கும். திறப்பது கனக்கும். ஆயுத பூசைக்கு மறுபடி எண்ணெய் விட்டுச் சந்தனம் வைப்பார்கள். அதற்கப்புறம் சத்தம் நின்றுவிடும்.

எத்தனையோ பேர் கத்திக்குத் துரு எடுத்துவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் பிடிக்கட்டும்.